எஸ்பெனுக்குக் கீழே இருவர்

ஆஸ்ட்ரிட் சாவதற்குப் பத்து நிமிடங்கள் முன்பு தெளிவாகப் பேசினாள்.

“மாரென், அவன் என்னை பர்சனல் மேனேஜர்னு கூப்பிட்டான்.”

கழுத்தில் ஒரு கட்டு. கைகளில் இரண்டு. கத்தியைத் தடுக்க நீட்டிய கைகள் அவை. இருபது வருடம் சக்கரத்தில் பானை வனைந்த அந்தக் கைகளில் இப்போது எத்தனை விரல் மிச்சம் என்று மாரென் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

“மூணாம் லைனை ஏன் மூடினேன்னு கேட்டான். நான் மண்ணு பிசையறவ. எனக்கெதுடி லைனு?”

சிரிக்கப் பார்த்தாள். வாயோரம் ரத்தம்தான் வந்தது. எட்டு நாற்பதுக்கு நர்ஸ் வந்து திரையை இழுத்தாள்.

வராந்தாவில் இன்ஸ்பெக்டர் ஸ்டேன் காத்திருந்தார். கையில் காப்பிக் குவளை. அனுதாபம் சொல்லிவிட்டு, அதே குரலில் அடுத்ததையும் சொன்னார்.

“இருபத்திரண்டு நாளைக்கு முன்னால உங்க கணவர். இன்னைக்கு உங்க சிநேகிதி. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி குத்து, கழுத்துக்குக் கீழ, நெஞ்சை நோக்கி. ரெண்டு பேருக்கும் பொதுவான ஆள் நீங்க ஒருத்தர்தான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஸ்டேஷனுக்கு வாங்க. வக்கீலைக் கூட்டிட்டு வந்தா நல்லது.”

அவர் போனதும், சுவரில் சாய்ந்திருந்த குட்ரூன் புஸ்க் நிமிர்ந்தாள். முன்பு போலீஸில் இருந்தவள். இப்போது தனியாகத் துப்பறிகிறாள். கணவன் எஸ்பெனைப் புதைத்த மறுநாள் மாரென் அவளைத் தேடிப் போயிருந்தாள். குட்ரூனுக்குப் பக்கத்தில் அவளுடைய உதவியாளர் கெல்ட். அறுபத்திரண்டு வயது. முப்பது வருடம் ஆர்ஹஸ் நகரப் பேருந்து ஓட்டியவர், அதில் பார்க்காத மனிதர்கள் இல்லை என்று சொல்லிக்கொள்கிறவர்.

“உங்க கீழ்வீட்டம்மா ஒண்ணு சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா?” என்றாள் குட்ரூன். “சைக்கிள் ஷெட்ல எஸ்பென் விழறதுக்கு முன்னால யாரோ ‘டைரக்டர்’னு கூப்பிட்டது கேட்டுதாம்.”

“போலீஸ் அதை எழுதிக்கவே இல்ல. அந்தம்மாவுக்குக் காது மந்தம்னாங்க.”

“காது சரியாத்தான் இருக்கு. ஒரு பள்ளிக்கூட மியூசிக் டீச்சர் டைரக்டர். பானை செய்யறவ பர்சனல் மேனேஜர். இவங்க ரெண்டு பேருக்கும் இந்தப் பதவியைக் குடுக்கற கம்பெனி எது?”

“நம்ம மந்திரிசபை மாதிரி இருக்கு” என்றார் கெல்ட்.

“வாய மூடு, கெல்ட்.”

அந்தக் கம்பெனி எது என்று மாரெனுக்குத் தெரியும். உலகத்தில் இல்லாத கம்பெனி அது. உருவாக்கியவள் அவள்தான்.

*

துறைமுகத்தைப் பார்த்த இரண்டாம் மாடியில் மாரெனின் வேலையறை. மாரென் தன் கணினியைத் திறந்தாள். விரல்கள் இரண்டு முறை கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தன.

“நான் செய்யறது ஒரே ஒரு பொருள்” என்றாள். “ஆபீஸ்ல யாருக்குக் கீழ யார்னு காட்டற படம் இருக்கில்ல, மேல ஒரு பெட்டி, கீழ கோடு, கோட்டுக்குக் கீழ பெட்டிகள். அதை வரையற காம்போனென்ட், ஒரு சின்ன புரோகிராம் துண்டு. ஒருதடவை எழுதியாச்சு. எந்தக் கம்பெனி வேணும்னாலும் எடுத்துத் தன்னோட இணையப் பக்கத்துல மாட்டிக்கலாம். அவங்க ஒரு பட்டியல் மட்டும் அனுப்பணும்: பேர், பதவி, போட்டோ, இவருக்கு மேல யார். மிச்சத்தை அதுவே பாத்துக்கும்.”

“எத்தனை கம்பெனி மாட்டியிருக்கு?”

“நாப்பத்து மூணு.”

“அதுல எஸ்பென் எங்க வந்தார்?”

மாரென் ஒரு கோப்பைத் திறந்தாள். திரையில் மூன்று பெட்டிகள் விரிந்தன. மேலே எஸ்பென், இயக்குநர். கீழே இடப்பக்கம் ஆஸ்ட்ரிட், பர்சனல் மேனேஜர். வலப்பக்கம் ட்ரோல்ஸ், உற்பத்தித் தலைவர். முழுப் பெயர்கள். நிஜமான போட்டோக்கள். மூவருமே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“செஞ்சு பாக்கறப்ப ஏதாவது பேர் வேணுமில்லையா? மாதிரிக்கு. ஒருநாள் எங்க சமையலறை மேஜையில உக்காந்து போட்டோம். பள்ளிக்கூட கோரஸ்லயே தன் பேச்சை யாரும் கேக்கறதில்ல, இங்கயாவது என்னை டைரக்டரா போடுன்னார் எஸ்பென். அப்போ நான் பர்சனல் மேனேஜர், முதல் வேலையா இவரை டிஸ்மிஸ் பண்றேன்னா ஆஸ்ட்ரிட். எங்கண்ணன் ட்ரோல்ஸ் பதினோரு வருஷமா ஒரே படகைக் கட்டிட்டிருக்கான். அவனை உற்பத்தித் தலைவராக்கினோம்.”

கெல்ட் குனிந்து மூன்று முகங்களையும் பார்த்தார்.

“இது உங்க மேஜையில இருந்த மாதிரி. வெளியில எப்படிப் போச்சு?” என்றாள் குட்ரூன்.

“கோபன்ஹேகன் கண்காட்சியில ஒருதடவை இணைப்பு அறுந்து, அத்தனை பேர் முன்னால திரை காலியா நின்னுது. அவமானமா இருந்துது. அதனால பட்டியல் கிடைக்கலேன்னா இந்த மாதிரியைக் காட்டுன்னு ரெண்டு வரி சேத்தேன். வெளியிடறதுக்கு முன்னால எடுத்துடணும்னு பக்கத்துலயே எனக்கு நானே குறிப்பும் எழுதிவெச்சேன்.”

அவள் விரலை வைத்த இடத்தில் அந்தக் குறிப்பு அப்படியே இருந்தது. வெளியிடும் முன் நீக்கு. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் இப்படி ஒரு வரியை எங்காவது விட்டு வைத்திருப்பார்கள். அதனால் யாரும் செத்துப்போனதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

“மாதிரி எந்தக் கம்பெனியிலாவது தெரிஞ்சா உங்களுக்குத் தகவல் வருமா?”

வரும். தானாகவே மின்னஞ்சல் கடிதம் அனுப்பும்படி அவள்தான் செய்திருந்தாள். நிறைய வருகிறதென்று அவற்றை ஒரு தனி ஃபோல்டருக்குள் போகும்படியும் அவளே செய்திருந்தாள். அந்த ஃபோல்டரை அவள் திறந்து பல மாதமாயிற்று.

திறந்தாள். படிக்காத கடிதங்கள் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்திலிருந்து. ஓடர் ஊருக்குத் தெற்கே இருக்கும் சோவாங் பன்றிக்கறி ஆலை. முதல் கடிதத்தின் தேதி அக்டோபர் மூன்று. எஸ்பென் செத்தது பதினாலு.

மாரென் எழுந்தாள். கையை மடக்கித் திரையைக் குத்தினாள். கண்ணாடி எஸ்பெனின் நெற்றிக்கு மேலே சிலந்தி வலை போல விரிந்தது. மறுபடி குத்தப் போனவளின் மணிக்கட்டை குட்ரூன் பிடித்தாள்.

“அப்பறம் உடைக்கலாம். முதல்ல எனக்கு ஒண்ணு சொல்லுங்க. மத்த கம்பெனிலேர்ந்து ரெண்டொரு கடிதம் இருக்கே, அதுல எல்லாம் ‘பட்டியல் வரவில்லை’ன்னு இருக்கு. சோவாங்லேர்ந்து வந்தது எல்லாத்துலயும் ‘பட்டியல் வந்தது, பெயர்கள் 0’ன்னு இருக்கு. ஏன்?”

மாரென் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

“இணைப்பு கெட்டுப்போனா பட்டியலே வராது. இது வந்திருக்கு. உள்ள யாரும் இல்ல.” நிறுத்தினாள். “யாரோ உக்காந்து ஒவ்வொரு பேரா அழிச்சிருக்காங்க.”

“அதாவது சீட்டைக் காலி பண்ணிட்டு பஸ்ஸை ஓடவிட்டிருக்கான்” என்றார் கெல்ட்.

“பன்றி ஆலை” என்றாள் குட்ரூன் மெதுவாக. “கழுத்துக்குக் கீழ, நெஞ்சை நோக்கி. அங்க ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை குத்தற குத்து அது. அங்க மூணாம் லைனை, பன்றி வெட்டற வரிசை ஒண்ணை, மூடிட்டாங்க. வேலை போன ஒருத்தன் படத்தைப் பாத்திருக்கான். பேர் தெரிஞ்சா இந்த நாட்டுல விலாசம் கண்டுபிடிக்க அரை நிமிஷம். மேல இருந்து ஆரம்பிச்சான். அப்பறம் இடதுபக்கம்.”

வலப்பக்கப் பெட்டியை மூவரும் ஒரே சமயத்தில் பார்த்தார்கள்.

மாரென் அண்ணனுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

*

எபெல்டோஃப்டுக்கு ஐம்பது நிமிடப் பாதை. கெல்ட் முப்பத்தாறில் ஓட்டினார்.

“பஸ்ல இந்த வேகம் போயிருந்தா எனக்குப் பென்ஷனே வந்திருக்காது.”

“எடுக்கமாட்டேங்கறான்” என்றாள் மாரென், எட்டாவது முறையாக.

“படகை இழைக்கறப்ப காதுல மூடி போட்டிருப்பாரும்மா. நல்லதையே நினை.”

அவர் சொன்னது சரிதான். ட்ரோல்ஸ் காதில் மூடி போட்டிருந்தான். அதனால்தான் பின்னால் வந்தவனின் காலடி அவனுக்குக் கேட்கவில்லை.

கொட்டகைக் கதவைத் தள்ளியபோது ட்ரோல்ஸ் மரத்தூளில் மல்லாந்து கிடந்தான். தொடையிலிருந்து ரத்தம் கொப்பளித்துத் தூளைக் களியாக்கிக்கொண்டிருந்தது. அவன் நெஞ்சின்மேல் முழங்காலை ஊன்றி ஓர் ஆள். ஐம்பது வயதிருக்கும். தடித்த தோள். கையில் மெல்லிய, நீண்ட கத்தி. முகத்தில் கோபமே இல்லை. வேலை செய்கிறவனின் முகம்.

“இருபத்தாறு வருஷம் அந்த ஆலையில” என்று ட்ரோல்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தான். “என் தம்பி பத்தொன்பது வருஷம். வேலை போச்சுன்னு கடுதாசி வந்த வாரமே தூக்குல தொங்கினான். கடுதாசில ஒரு பேர்கூட இல்ல. ‘நிர்வாகம்’னு இருந்துது.”

கெல்ட் வாசலில் கிடந்த துடுப்பைத் தூக்கி ஓடினார். முதல் அடி தோளில் விழுந்தது. அவன் எழுந்தான், அடியே விழாதது போல எழுந்தான். இரண்டாவது அடிக்குத் துடுப்பை ஓங்கிய கெல்டின் முன்கையைக் கத்தி முழங்கைவரை திறந்தது. துடுப்பு விழுந்தது. கெல்ட் அதன்மேல் விழுந்தார். ட்ரோல்ஸ் தவழப் பார்த்தான். கத்திக்காரன் ஒரு காலால் ட்ரோல்ஸின் காயத்தை மிதித்து நிறுத்தினான். அந்த அலறல் கொட்டகையின் தகரத்தில் மோதித் திரும்பியது.

குட்ரூன் படகின் மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நேரம் வேண்டும் என்று மாரெனுக்குப் புரிந்தது. கொடுக்க அவளிடம் உண்மை ஒன்றுதான் இருந்தது.

“அந்தப் படத்தை வரைஞ்சது நான்!”

அவன் திரும்பினான்.

“நான்தான் வரைஞ்சேன். அதுல இருக்கற பேர் எதுவும் உங்க கம்பெனி பேர் இல்ல. இவன் எங்கண்ணன். படகு கட்டறவன். நீ முதல்ல கொன்னது என் புருஷனை. மியூசிக் டீச்சர். நேத்து குத்தினது என் சிநேகிதியை. பானை செய்யறவ. உங்க ஆலை எந்தத் திசையில இருக்குன்னுகூட அவங்களுக்குத் தெரியாது. பட்டியல் காலியா இருந்தா தெரியட்டும்னு நான் வெச்ச மாதிரி அது. சும்மா ஒரு மாதிரி!”

“பொய்” என்றான். “நான் கேட்டேன்.”

“யாரைக் கேட்ட?”

“கேட் ஆபீஸ்ல. விந்தரை.” கத்தி நுனி கொஞ்சம் தாழ்ந்தது. “வசந்தகாலத்துல ஆலையைப் புது முதலாளிங்க வாங்கினாங்க. அவங்க ஆள் யாரையும் நாங்க பாத்ததில்ல. விந்தர் மட்டும் கேட்ல உக்காந்து காகிதம் வாங்குவான். நான் வெறும் குமாஸ்தாம்பான். போன்ல இந்தப் படத்தைக் காட்டி, இவங்களான்னு கேட்டேன். அவன் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நல்லாப் பாத்தான். ஆமா, இவங்கதான், இங்க வரமாட்டாங்க, எல்லாம் ஆர்ஹஸ்லேர்ந்துதான் நடத்தறாங்கன்னான்.”

“எப்போ கேட்ட?”

“ரெண்டு தடவை கேட்டேன். டைரக்டர் செத்தப்பறமும் போய்க் கேட்டேன். கீழ இருக்கறவங்களும் இதுல உண்டான்னு. உண்டுன்னான்.”

சொல்லி முடித்தபோதுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது போலிருந்தது. மாரெனைப் பார்த்தான். கீழே கிடந்தவனைப் பார்த்தான். வேலை செய்கிறவனின் முகம் கலைந்து, அடியிலிருந்து வேறொரு முகம் வந்தது. கத்தியைத் திருப்பித் தன் கழுத்துக்குக் கீழே வைத்தான்.

படகுக்குப் பின்னாலிருந்து குட்ரூனின் மரச்சுத்தி இறங்கியது. மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் மாரெனுக்கு விறகு ஒடிவது போலக் கேட்டது. இன்னொரு அடி முழங்காலில். அவன் மரத்தூளில் குப்புற விழுந்து, எழ முயலாமல், அப்படியே கிடந்து அழுதான்.

மாரென் பெல்ட்டைக் கழற்றி அண்ணனின் தொடையில் இறுக்கினாள்.

“உற்பத்தித் தலைவரே, சாவாதீங்க” என்றார் கெல்ட், கிழிந்த கையைத் தூக்கிப் பிடித்தபடி. “முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். டிக்கெட் எடுக்காதவன்கூட என்னைக் குத்தினதில்ல.”

“வலிக்குதா?” என்றாள் குட்ரூன்.

“பேசினா வலிக்கல.”

*

ஹோல்கர் என்பது அவன் பெயர். ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை விந்தரைப் பற்றிச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான். ட்ரோல்ஸுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டர் ஸ்டேன் மாரெனிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

“ரெண்டு கொலை செஞ்சவன் சொல்றான். நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு அந்த குமாஸ்தா சொல்லிட்டா முடிஞ்சுது. எதை வெச்சு நான் வழக்கு போடறது?”

“அவர் குமாஸ்தா இல்ல” என்றாள் குட்ரூன். காரில் வரும்போது ஆலையில் வேலை போனவர்களிடம் அவள் நான்கு போன் பேசியிருந்தாள். “சோவாங் முன்னால அனுப்பின பட்டியல், காலி பண்றதுக்கு முன்னால இருந்தது, மாரென் கணினியில சேமிச்சிருக்கு. பர்சனல் மேனேஜர்: விந்தர். கடுதாசி அனுப்பினது அவர். மிரட்டல் வர ஆரம்பிச்சதும் தன் பேரை அழிச்சார். படத்துல வேற மூஞ்சி வந்துது. யாரோ, எவரோ. அவருக்கு வசதியாப் போச்சு.”

“அது தப்புதான். குத்தம்னு சொல்ல, அவர் வாயால வரணுமே.”

“வரவெக்கலாம். ஹோல்கர் பிடிபட்டது அவருக்கு இன்னும் தெரியாது.”

கெல்ட் தைத்த கையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு எழுந்தார். “வேலை போன பொண்ணோட அப்பன் மாதிரி நான் இருப்பேனா?”

“குளிக்காதவன் மாதிரி இருக்க” என்றாள் குட்ரூன். “போதும்.”

மணி மூன்றரை. ஆலை வாசலில் லாரிகள் நின்றன. கேட் அலுவலகத்தின் கதவை ஒட்டிய நடையில் ஸ்டேனும் குட்ரூனும் மாரெனும் மூச்சை அடக்கி நின்றார்கள். உள்ளே கெல்ட் மேஜையில் குத்தும் சத்தம் கேட்டது.

“என் பொண்ணை வேலையை விட்டு அனுப்பினவன் எவன்? பேரைச் சொல்லு!”

“மெதுவாப் பேசுங்க, பெரியவரே.” மிருதுவான குரல். நாகரிகமான குரல். “நான் வெறும் குமாஸ்தா. என்மேல ஏன் கோபப்படறீங்க?”

“அப்போ எவன்மேல படறது?”

நாற்காலி உருளும் சத்தம். திரையை யாரோ கெல்டின் பக்கம் திருப்பினார்கள்.

“இதோ பாருங்க. டைரக்டர்... அவர் இப்ப இல்ல. இந்தம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்களாம். உங்களுக்கு ஆள்தான் வேணும்னா, இவர். ட்ரோல்ஸ். மூணாம் லைனை மூடச் சொன்னதே இவர்தான்.” குரல் இன்னும் தாழ்ந்தது. “எபெல்டோஃப்ட்ல படகுக் கொட்டகை வெச்சிருக்கார். பகல்ல தனியாத்தான் இருப்பார். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

ஸ்டேன் கதவைத் திறந்தார்.

விந்தர் மெலிந்த மனிதர், நரைத்த தலையை ஒழுங்காக வாரியிருந்தார். மேஜைமேல் பாதி தின்ற ரொட்டி. போலீஸ் சீருடையைப் பார்த்தார். கெல்டின் கோட்டுக்குள்ளிருந்து வெளியே வந்த கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். கடைசியாக மாரெனைப் பார்த்தார்.

“இவங்க யாரு?”

மாரென் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடுகள் நேராக இருந்தன. எஸ்பெனிடமிருந்து இறங்கி இரண்டாகப் பிரியும் அந்தக் கோட்டைச் சரியான இடத்தில் வளைக்க அவளுக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது.

“இதைச் செஞ்சவ” என்றாள். “மேல இருக்கறவரோட பொண்டாட்டி.”

“நான் யாரையும் தொடலையே” என்றார் விந்தர். “ஒருத்தரைக்கூட தொடலை. அந்தப் பேரெல்லாம் நான் போட்டதில்ல. நீங்கதானே போட்டீங்க?”

அது உண்மை. அதைத் தன் ஆயுள் முழுக்கச் சுமக்கப்போவது அவளுக்குத் தெரியும். அதற்கு இனி எத்தனையோ வருடம் இருக்கிறது.

மாரென் முஷ்டியை மடக்கி விந்தரின் வாயில் குத்தினாள். அவர் நாற்காலியோடு பின்னால் சரிந்து, சுவரில் தலை மோதி, மேஜையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். ஸ்டேன் ஜன்னல் பக்கம் திரும்பி லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“பஸ் வருதான்னு நானும் அங்கதான் பாத்துட்டிருந்தேன்” என்றார் கெல்ட்.

விந்தரின் கிழிந்த உதட்டிலிருந்து ரத்தம் ரொட்டியின்மேல் சொட்டியது. இந்தப் படத்துக்காக இதுவரை சிந்திய ரத்தத்தில், சிந்த வேண்டிய ஆளிடமிருந்து வந்த முதல் சொட்டு அது.